சந்திரனுக்குப் பதிலாக யூனிஸ் சொன்னது

லிங்கராஜபுரத்து யூனிஸ் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல. பதினாறு வயதில் குக் டவுனில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த வீட்டம்மா திட்டுவதும் கொஞ்சுவதும் இங்கிலீஷிலேயே என்பதால், பத்து வருடத்தில் அது அவள் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனபின் கண்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் பெட்பேன் எடுப்பதும்தான் அவள் வேலை. ஆனால் தமிழ் தெரியாத டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து சேர, அவளுக்கு இன்னொரு வேலையும் வந்தது. நோயாளி சொல்வதை டாக்டருக்கும், டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் அவள் சொல்ல வேண்டும். "யூனிஸைக் கூப்பிடுங்க" என்று யாராவது வராந்தாவில் குரல் கொடுத்தால், கையைத் துடைத்துக்கொண்டு, புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு போவாள். நோயாளி பத்து நிமிஷம் புலம்புவதை இரண்டு வரியில் சொல்லிவிடுவாள். டாக்டர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது.

1997இல் சந்திரன் வந்தார். ஹெப்பகோடியில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர். ஐம்பத்து நாலு வயது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். அதிகாலையில் பஸ் பிடித்து, மனைவி சொர்ணம் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருப்பார். எழும்போது கால் இழுத்துப் பிடித்து வாய்விட்டுக் கத்துவார். ஏழு மாதம் அப்படிப் போனது. உடம்பு வற்றிப்போய், கடைசியில் வார்டிலேயே சேர்க்க வேண்டி வந்தது.

அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் முகர்ஜி கல்கத்தாக்காரர். ஒருநாள் சொர்ணத்தையும் மகன் ராஜேஷ்குமாரையும் உட்காரவைத்து யூனிஸ் மூலமாகப் பேசினார். "டயாலிசிஸைத் தொடரலாம். ஆனால் அவருடைய உடம்பு படும் பாட்டைப் பார்க்கிறீர்கள். சிலர் இந்தக் கட்டத்தில் போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தினால் ஒரு வாரம், பத்து நாளில் உயிர் போய்விடும். நீங்களோ நானோ அதை முடிவு செய்ய முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்."

அறையை விட்டு வந்ததும் ராஜேஷ்குமார் யூனிஸின் பின்னாலேயே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஆன்ட்டி, அப்பாகிட்ட சாவுங்கற வார்த்தைய மட்டும் எடுக்காதீங்க. பயந்துடுவாரு. மெஷின் போதுமான்னு மட்டும் கேளுங்க. அவரு படறத எங்களால பாக்க முடியல."

யூனிஸ் அவன் கையைப் பிடித்து, "நான் பாத்துக்கறேன் கண்ணா, நீ போ" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னது மகனுக்காக மட்டுமல்ல. நாலு வருடம் முன்னால் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் நுரையீரல் கெட்டு நாற்பது நாள் மூச்சுக்குத் தவித்துச் செத்தான். யாராவது இதை முடித்துவிட மாட்டார்களா என்று அந்த நாற்பது நாளும் அவள் நினைத்தாள். சந்திரனைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஆம்ப்ரோஸ்தான் தெரிந்தான். இந்த மனிதருக்கு என்ன வேண்டும் என்பது தனக்குத் தெரியும் என்று நம்பினாள்.

மறுநாள் காலை டாக்டர் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும் நின்றார்கள். டாக்டர் நிறுத்தி நிறுத்தி, ஒன்றையும் விடாமல் சொன்னார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். யூனிஸ் குனிந்து கேட்டாள்:

"அண்ணே, மெஷினு போதுமா? வீட்டுக்குப் போறீங்களா?"

சந்திரன் முகம் மலர்ந்தது. "போதும்மா. உடம்பெல்லாம் நொந்துபோச்சு. வீட்டுக்குப் போறேன்."

"போதும், வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்" என்று டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள்.

"இறந்துவிடுவோம் என்பது அவருக்குப் புரிகிறதா?"

அந்தக் கேள்வியை யூனிஸ் தமிழில் சொல்லவே இல்லை. சந்திரன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புரிகிறது டாக்டர்."

டயாலிசிஸை நிறுத்தச் சம்மதம் என்ற இங்கிலீஷ் ஃபாரத்தில் சந்திரன் தமிழில் கையெழுத்துப் போட்டார். கீழே மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் யூனிஸ் போட்டாள். ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றில் அவள் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பின்னாளில் அவளை அதிகம் கூச வைத்தது அந்தப் பெருமைதான்.

கிளம்பும்போது சந்திரன் அவளைக் கும்பிட்டார். "நீ எடுத்துச் சொன்னதாலதாம்மா விட்டாங்க. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வந்துடறேன்."

கொஞ்ச நாள் ரெஸ்ட். அது அவள் காதில் விழுந்தது. அப்போதாவது ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். லிஃப்ட் கதவை அவருக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஐந்தாம் நாள் காலை ஒரு வாடகை வேனில் அவர் திரும்பி வந்தார். கால்கள் வீங்கி, மூச்சு விட முடியாமல், உட்கார்ந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டில், அடுத்த டயாலிசிஸ் என்றைக்கு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மகன் ஏதேதோ சொல்லிச் சமாளித்திருக்கிறான். நாலாம் நாள் ராத்திரி சொர்ணத்தால் தாங்க முடியவில்லை, உடைத்துச் சொல்லிவிட்டாள்.

அன்று டியூட்டியில் இருந்த நர்ஸ் லட்சுமம்மாவுக்குக் கன்னடத்தோடு தமிழும் இங்கிலீஷும் வரும். மெஷினில் போட்டு, தண்ணீர் வடிந்து, மத்தியானம் மூச்சு சீரானதும், சந்திரன் பேசியதை அவள்தான் டாக்டருக்குச் சொன்னாள். யூனிஸ் துணி மாற்றுகிற சாக்கில் பக்கத்துக் கட்டிலருகே நின்றிருந்தாள்.

"என்னை யாரும்மா கேட்டாங்க? சாகறியான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

சொர்ணம் அழுதுகொண்டே, "நீ படற கஷ்டம் பாக்க முடியாமதானே..." என்றாள்.

"கஷ்டம் எனக்குத்தானே? நான் சொன்னனா?"

டாக்டர் லட்சுமம்மா வழியாகக் கேட்டார்: இத்தனை வலியோடும் டயாலிசிஸ் வேண்டும் என்று ஏன் நினைக்கிறார்? ஏதாவது காரணம் இருக்கிறதா?

"காரணம் வேணுமா? எனக்கு இருக்கணும். அவ்ளோதான். நாளைக்குக் காலைல எழுந்து காபி குடிக்கணும். அதுக்கெல்லாமா காரணம் சொல்வாங்க?"

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். பிறகு யூனிஸைப் பார்த்தார். "நான் கேட்ட கடைசிக் கேள்வியை நீ அவரிடம் கேட்டாயா?"

வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையில் அழுக்குத் துணி இருந்தது. "இல்லை, டாக்டர்" என்றாள்.

அவர் கத்தவில்லை. "நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னொருவரை வைத்து நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. மொழிபெயர்க்கும் வேலைக்கு இனி அவளைக் கூப்பிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. ஆயா வேலை மட்டும் தங்கியது.

சந்திரன் அதற்குப் பிறகு ஒரு வருடமும் இரண்டு மாதமும் வாழ்ந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் வந்தார். வாசலிலிருந்து டயாலிசிஸ் அறைவரை சக்கர நாற்காலியில் தள்ளிப்போவது பெரும்பாலும் யூனிஸின் முறையாகவே இருந்தது. அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் பின்மண்டையையே பார்ப்பாள். நான் ஏன் கேட்காமல் விட்டேன் என்று ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்ப்பாள், மனதுக்குள். அதற்குள் அறை வந்துவிடும். சில நாள் அவர் லட்சுமம்மாவோடு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிச் சிரிப்பார். அன்று தான் சொன்ன பதிலின்படியே நடந்திருந்தால் இந்தச் சிரிப்பு இருந்திருக்காது என்று அப்போது நினைப்பாள். வேறு எதுவும் நினைக்க வராது.

அடுத்த வருடக் கடைசியில் இதயமும் பலவீனமாகி, அவரே டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். லட்சுமம்மா வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். கைவசம் யூனிஸ்தான் இருந்தாள். "காத்திருக்கேன்" என்றார் சந்திரன். காத்திருந்தார்.

திரைக்கு வெளியே யூனிஸ் நின்றாள். உள்ளே அவர் நிதானமாகப் பேசினார். இனி மெஷின் வேண்டாம். போட்டாலும் தாங்காது. நிறுத்தினால் பத்து நாள்கூட இருக்க மாட்டேன், தெரியும். மூச்சு முட்டாமல் மருந்து கொடுங்கள். வீட்டில் படுத்துக்கொள்கிறேன். பிள்ளையிடம் நானே சொல்லிவிட்டேன். டாக்டர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் அவர் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னார்.

வேனில் ஏற்றிவிட்டவள் யூனிஸ். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். "இப்ப நானே சொல்லியிருக்கேன்" என்றார். வேன் கிளம்பிவிட்டது. ஆறாம் நாள் இறந்துபோனார்.

2002இல் ஆஸ்பத்திரியில் புதிய நர்ஸுகளுக்கும் ஆயாக்களுக்கும் ஒரு வகுப்பு நடந்தது. நிருபமா என்ற டாக்டர் கரும்பலகையில் கருணைக்கொலை என்று எழுதிவிட்டுத் தமிழிலும் கன்னடத்திலுமாகப் பேசினாள். "வலி தாங்க முடியல, என்னை முடிச்சுடுங்கன்னு நோயாளியே கேட்டு, நாம ஊசி போட்டா அதுக்குத்தான் இந்தப் பேரு. நம்ம நாட்டுல அது குற்றம். எல்லாம் தெரிஞ்சு ஒருத்தர் இந்த வைத்தியம் வேண்டாம்னு சொன்னா, அதை இதோட சேர்க்காதீங்க. அது அவர் விருப்பம். சரி, அவரைக் கேட்க முடியும், ஆனா கேட்காமலே அவருக்கு நல்லதுன்னு நாமளே முடிவு பண்ணினா? அதை என்ன சொல்வீங்க?"

யூனிஸ் எழுந்து நின்றாள். பேர் தனக்குத் தெரியாது என்றும், தான் அதைச் செய்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை எதையும் சுருக்கவில்லை. லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னாள்.

முன்வரிசையிலிருந்த இளம் நர்ஸ் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "அவரு உங்களை மன்னிச்சாராக்கா?"

"கேக்கல" என்றாள் யூனிஸ். "செத்துட்டிருக்கற மனுசன்கிட்டப் போயி, எனக்கு நிம்மதி குடுன்னு எந்த முகத்தோட கேப்பேன்?"

அவள் உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்தவள் அவள் முழங்கையைத் தொட்டாள். யூனிஸ் கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவள் நாற்காலிகளை அடுக்கிவைத்துவிட்டுத் தன் வார்டுக்குப் போனாள்.