பளிச்சக்கா கழுவாத கடற்பஞ்சு

பளிச்சக்காவின் சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஆய்வுக்கூடத்துத் தொட்டியடியில் பதினாறு வருஷம். அவர் தேய்த்து வைத்த குடுவையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். முக்குளிப்பவர் கடலடியிலிருந்து கொண்டுவரும் பஞ்சுகளையும் அவர்தான் அலசி, நறுக்கி, ஸ்பிரிட்டில் ஊறப்போடுவார். அந்தச் சாற்றில் வைரஸை அடக்கும் மருந்து இருக்கிறதா என்று டாக்டரம்மா தேடுவார்.

ஒரு தடவை இருந்தது! ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒன்றின் சாறு வைரஸை வாலைச் சுருட்ட வைத்தது. ஆனால் அதே பாறையிலிருந்து மறுபடி மூன்று முறை எடுத்துவந்தும் சாறு ஒன்றுக்கும் உதவவில்லை. முதல் முடிவே தப்பு, வெள்ளிக்கிழமையோடு ஆராய்ச்சியை மூடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. டாக்டரம்மாவின் ஆறு வருஷ உழைப்பு அம்போ.

திங்கட்கிழமை பளிச்சக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் பஞ்சு வந்த அன்று குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வழுவழுப்போடு அப்படியே நறுக்கிப் போட்டுவிட்டு, குறிப்பேட்டில் ‘மூன்று முறை அலசியது’ என்று எழுதியிருந்தார். வெளியே தெரிந்தால் வேலையும் போகும், பேரும் போகும். ஆனாலும் டாக்டரம்மா மேசையைக் காலி செய்வதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

“அம்மா, திட்டணும்னா திட்டுங்க. முதல் பஞ்சை நான் கழுவவே இல்ல.”

டாக்டரம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “அப்போ மத்த மூணும்?”

“பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். குத்த உணர்ச்சி, வேறென்ன.”

“அக்கா! அந்த வழுவழுப்பு பூரா பாக்டீரியா. மருந்தைச் செய்யுறதே அதுதானோ என்னவோ. மருந்தையே தொட்டியில ஊத்தியிருக்கோம்!”

முக்குளிப்பவர் அன்றே மறுபடி இறங்கினார். வந்த பஞ்சைக் கழுவாமல் நறுக்குவதற்குள் பளிச்சக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கை தன்னாலே குழாயைத் தேடியது.

வெள்ளிக்கிழமை காலை, செல்களோடு வைரஸையும் சாற்றையும் விட்டு வைத்திருந்த சோதனைத் தட்டுக்குச் சாயம் ஊற்றினார்கள். வைரஸ் கொன்ற செல்கள் நிறம் பிடிக்காது, பிழைத்தவை ஊதாவாகும். பளிச்சக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்கக்கா!”

கழுவாத பஞ்சின் சாறு விட்ட வரிசை முழுக்க ஊதா. டாக்டரம்மா அழுதுகொண்டே சிரித்தார். மூடச் சொன்ன மேலிடமே மூச்சிரைக்கப் படியேறி வந்து பார்த்தது.

பளிச்சக்கா குறிப்பேட்டை வாங்கிப் பழைய வரியை அடித்து, ‘கழுவவில்லை’ என்று எழுதி, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தட்டு தொட்டிக்கு மேல் அலமாரியில் இருக்கிறது. அதை மட்டும் அவர் இன்றுவரை கழுவவில்லை.