நான் போட்ட பதினோரு கையெழுத்து

ஐந்து வருஷம் நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்தேன். கேரள எல்லைக்குள் காரக்கோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வார்டு. அந்த முறை அதைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம்தான் சம்மதம் கேட்டார்கள். “நிக்கப் போறது அவளாக்கும். அவகிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு அவர் ரப்பர் பால் வெட்டப் போய்விட்டார். நிற்கிறேன் என்றேன்.

ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனபோது ஒன்றையேதான் சொன்னேன். வார்டுக்கு என்ன வேலை வேண்டும் என்று கட்சி ஆபீஸில் பட்டியல் போட விடமாட்டேன், கிராமசபையில் நீங்களே தீர்மானிக்கலாம். ஓட்டுக்காகச் சொன்னதல்ல. அதை முழுசாக நம்பினேன்.

முதல் கிராமசபை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று சட்டத்தில் உண்டு. எங்களுக்குப் பதினோரு பேர் குறைந்தார்கள். நனைந்துகொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் பாறைமேட்டுப் பெண்கள். மேட்டில் ஏழு வீடு. கிணறு கிடையாது. கீழே கால்வாயிலிருந்து குடத்தில் சுமந்து ஏற வேண்டும். கோடையில் கால்வாயும் வற்றிவிடும். அந்த வருஷம் வார்டுக்குக் கிடைக்கும் ஒரே பெரிய வேலையாக மேட்டில் கிணறு வெட்டித் தர வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். வந்திருந்த எல்லோரும் கை தூக்கினார்கள்.

ஆள் போதாது என்று கூட்டத்தைத் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை கீழ்த்தெருவின் எழுபது வீட்டுக்காரர்களும் தங்கள் பாதைக்குத் தார் கேட்டுத் திரண்டு வருவார்கள். மினிட்ஸ் எழுத வந்திருந்த கிளார்க் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“குறைஞ்ச ஆளுக்கு நீங்களே போடுங்க மெம்பரே. இதொண்ணும் பெரிய காரியம் இல்ல.”

எல்லோரும் போனபிறகு போட்டேன். பதினோரு பெயர். சிலதை இடது கையால் எழுதினேன். ஏழு வீட்டுக்குத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டே எழுதி முடித்தேன்.

பத்து நாள் கழித்து டுட்டோரியல் மாஸ்டர் வந்தார். எங்கள் வார்டில் எதிர்க்கட்சி என்றால் அவர்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். தேர்தலுக்கு முன்புவரை நீ, வா, போ என்றுதான் பேச்சு. அன்றைக்கு முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

“நீங்க எழுதின பேரில ஒருத்தர் துபாயில உண்டு மெம்பரே. இன்னொருத்தி அண்ணைக்குப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கிடந்தா. திங்கக்கிழமை நான் புகார் கொடுக்கப் போறேன். சொல்லாம கொடுக்க மனசு வரல்ல.”

“அப்போ மேட்டுல உள்ளவங்களுக்குக் கெணறு வேண்டாமா?”

“வேணும். ஆனா இண்ணைக்கு நீங்க இல்லாத ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கெணறு கொடுக்கிய. நாளைக்கு இன்னொரு மெம்பர் இதே மாதிரி போட்டு, அந்த ஏழு வீடே அங்க வேண்டாம்னு எழுதி வச்சா? அப்போ நீங்க என்ன சொல்லுவிய?”

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தள்ள முடியாததால் வந்த கோபம்.

திங்கட்கிழமை அவருக்கு முன்னால் நானே பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய், செய்ததை எழுதிக் கொடுத்தேன். எங்கள் கட்சிச் செயலாளர் கொதித்தார். “ஒத்துக்கச் சொன்னது ஆரு? இல்லேண்ணு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்குமே!” பஞ்சாயத்துக் கமிட்டியில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கிராமசபையைத் திரும்ப நடத்தச் சொன்னார்கள்.

இரண்டாவது கூட்டத்துக்குப் பள்ளிக்கூடம் கொள்ளவில்லை. அவரவர் கையெழுத்தை அவரவர் போட்டார்கள். இரண்டு பக்கமும் பேசி முடித்தபிறகு கை தூக்கச் சொன்னேன். பாதைக்குத் தூக்கிய கைகளை எண்ணவே நேரமாயிற்று. மாஸ்டரின் கையும் அதில் இருந்தது. அவர் வீடும் அந்தப் பாதையில்தான். கிணற்றுக்கு மேட்டுக்காரர்களும் இன்னும் நாலைந்து பேரும்.

கலைந்து போகும்போது மேட்டுப் பெண் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். கல் உடைக்கப் போகிறவள், என் வயதுதான் இருக்கும்.

“அக்கா, கள்ளக் கையெழுத்துல எங்களுக்குக் கெணறு கிட்டிச்சு. நேரான கூட்டத்துல அது போச்சு. இனி நாங்க என்னத்துக்கு வரணும்?”

எல்லோரும் கூடித் தீர்மானித்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி ஓட்டு வாங்கியவள் நான். ஏழு வீட்டுக்காரர்கள் எவ்வளவு உயரத் தூக்கினாலும் எழுபது வீட்டுக் கைகளை மிஞ்ச முடியாது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தானே பேனாவை வாங்கினேன்.

அடுத்த கிராமசபைக்கு மேட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் ஏறிப்போய்க் கூப்பிட்டேன். பாய் விரித்து உட்கார வைத்தார்கள். கிராமசபை என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். ஒரு குடும்பம் அதற்குள் தண்ணீருக்காகக் குளத்தூரில் மனைவியின் தாய்வீட்டுக்கே குடிபோய்விட்டிருந்தது.

அதன்பிறகுதான் கமிட்டியில் ஒரு பேச்சை எடுத்தேன். குடிதண்ணீர் இல்லாத வீட்டைத் தார்ப்பாதையோடு போட்டியிட விடக்கூடாது, அதற்குள்ள பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் கிராமசபையில் ஓட்டுக்கு விட வேண்டும் என்றேன். என் கட்சிக்காரர்களே சிரித்தார்கள்.

“மெஜாரிட்டி நமக்கு இருக்கும்போ நம்ம கையை நாமே கெட்டணுமா?”

“கெட்டத்தான் வேணும்” என்றேன். “நம்ம கையானாலும்.”

அந்தத் தீர்மானம் இரண்டு முறை தோற்றது. மூன்றாவது முறை மாஸ்டரின் கட்சி மெம்பர்களும் என் கட்சியில் இரண்டு பேரும் சேர்ந்ததில் நிறைவேறியது. கட்சியில் எனக்கிருந்த பொறுப்பை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கோடையில் பாறையை வெடி வைத்துப் பிளந்து மேட்டில் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் ஊறிய அன்றைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

என் காலம் முடியும் வருஷத்துக் கிராமசபைக்கு அந்தக் கல் உடைக்கும் பெண் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட முக்கில் விளக்குப் போடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

“அது வேண்டாம் மெம்பரே. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒரு வெளிச்சமும் இல்ல. முதல்ல அங்க போடணும்.”

நான் என் பக்கத்தைச் சொன்னேன். அவள் விடவில்லை. முகம் சுண்டிப்போய் நின்றேன். பிறகு கைகளை எண்ணினேன். அவளுக்குத்தான் கூடுதல்.