மலைப்பாதையில் வணக்கம் சொன்னவர்

மெல்பேர்னில் இருந்து சுவிஸுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர், மலையுச்சியில் நின்று ஏரியைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார். மழித்த முகம், புதுத் தொப்பி, கையில் மலையேறும் ஊன்றுகோல் இரண்டு. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரருக்கும் நின்று, சிரித்து, ஜேர்மன் மொழியில் வணக்கம் சொன்னார்.

"மலையில இதுதான் முறை. உங்கட மெல்பேர்ன் வெரிபீயில மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகேலாது."

பாதி வழியில் வயதான பெண்ணொருவர் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். "தம்பி, தமிழோ? குடிக்கத் தண்ணி இருக்கோ?"

பக்கத்து வீட்டுக்காரர் ஜேர்மன் மொழியில் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். நான் என் போத்தலைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அவரைப் பிடித்தேன்.

"ஏனண்ணை அப்பிடிச் செய்தனீங்கள்?"

"தமிழில வாய் திறந்தா, எந்த ஊர், ஆரின்ர ஆள் எண்டு விசாரணை தொடங்கும்."

"அவ தண்ணியெல்லோ கேட்டவ?"

"அதுதான் நீங்கள் குடுத்திட்டீங்களே. பிறகென்ன?"

உச்சியில் அவர் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார். அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.