அம்மை வராத நைனா

எங்கள் குடும்பம் போலப் பீற்றிக்கொள்ளும் குடும்பம் செஞ்சியில் வேறு இருந்திருக்காது. எண்பதுகளில் ஒரு கோடை, தெருவுக்குத் தெரு சின்னம்மை. என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வார்த்துவிட்டது. எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்கு, அதுவரை அம்மை வந்ததே இல்லை. வயசானவருக்கு வந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னதும், அனந்தபுரம் ரோட்டில் இருந்த எங்கள் வயல் மோட்டார் கொட்டகைக்கு அவரை அனுப்பிவிட்டோம். எங்கள் அம்மா செத்து ஒரு வருஷம்கூட ஆகாத மனிதர். அவரைக் காப்பாற்றுகிறோமாம். நானும் தம்பியும் அதைப் பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தோம்.

வீட்டிலோ ஏக உபசாரம். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. பிள்ளைகளை ஆத்தா என்றுதான் கூப்பிட வேண்டும். எந்நேரமும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசுவார்கள். இளநீர் வரும். சாயங்காலமானால் அம்மன் பாட்டு. நைனாவுக்குத் தூக்குவாளியில் சோறு, அவ்வளவுதான். கொட்டகை வாசற்படியில் வைத்துவிட்டு, "தள்ளி இரு நைனா, ஒட்டிக்கும்" என்பேன். அவர் ஏதோ கேட்க வாயெடுப்பார். அதற்குள் சைக்கிளில் ஏறியிருப்பேன். பெரிய கலெக்டர் உத்தியோகம் பாருங்கள், எனக்கு அவ்வளவு அவசரம்.

பத்தாம் நாள் போனால் கொட்டகைக் கதவில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். "எனக்கும் ஆத்தா வந்துட்டாடா" என்றார். பதறிப்போய்த் துண்டை விலக்கிப் பார்த்தேன். உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. ஆத்தா பேரில் பொய்யா என்று கத்தினேன்.

"முத்து இல்லன்னா இன்னா? கொஞ்ச நேரம் கூட உக்காரக் கூடாதா?"

வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டில் வந்து சொல்ல, தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். தூ, நாங்களெல்லாம் பிள்ளைகள்.

பிள்ளைகளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வாசல் வேப்பிலையை எடுத்த பிறகு நைனாவை அழைத்து வந்தோம். வந்தவர் யாரோடும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார், கூப்பிட்டால் திரும்பமாட்டார். வயசானால் அப்படித்தான் என்றார் டாக்டர். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. இருந்தாலும் மனசு கேட்காமல் ஒருநாள் அவர் பாயில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து சுவரோரம் நகர்ந்துகொண்டார்.

"தள்ளி இரு, ஒட்டிக்கும்" என்றார்.