தண்ணீர் மறுத்த அக்கா

அந்த வார்டில் இருபது வருடமாக வேலை பார்க்கும் நர்ஸை எல்லோரும் 'அளவு அக்கா' என்பார்கள். நோயாளி குடித்தது எவ்வளவு, சிறுநீராகப் போனது எவ்வளவு என்று எழுதாமல் கட்டிலை விட்டு நகர மாட்டார்.

ஒருநாள் காலை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரைச் சேர்த்தார்கள். கட்டிய மனைவியையே யாரென்று கேட்டார்.

"வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது" என்றான் மகன்.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "தண்ணி நிறைய குடிப்பாரா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"உடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொன்னாங்கம்மா. ஒரு வாரமா பாட்டில் பாட்டிலா குடிக்கிறார்."

அக்கா உடனே டாக்டரிடம் சொன்னார். பரிசோதித்ததில், அளவுக்கு மீறிய தண்ணீரால் ரத்தத்தில் உப்பு படுமோசமாகக் குறைந்து, புத்தியைக் குழப்பியிருந்தது. உப்பை மெல்லத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூளைக்கே ஆபத்து. அதுவரை தண்ணீரும் அளந்துதான்.

"தாகம்னு கெஞ்சுறாரே, உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?" என்று மனைவி பொரிந்து தள்ளினார். அக்கா ஈரப் பஞ்சால் டிரைவரின் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். இந்த வேலையில் ஊசி போடுவதைவிட, கேட்கிற தண்ணீரை மறுப்பதுதான் அக்காவுக்குக் கஷ்டம்.

மூன்றாம் நாள் டிரைவர் மனைவியை உற்றுப் பார்த்து, "என்னடி, கண்ணெல்லாம் இப்படி வீங்கிக் கிடக்கு? தூங்கலையா?" என்றார்.

மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். மனசுல வெச்சுக்காதேம்மா."

"அவருக்காகத்தானேம்மா திட்டுனீங்க" என்றார் அக்கா. "பேசாம பார்த்துட்டு இருந்திருந்தாத்தான் எனக்கு வருத்தமா இருந்திருக்கும்."