தலைகீழாக வந்த ஏரிச் சேறு

ரிப்போர்ட் தபாலில் போய் மூன்று நாள் கழித்துத்தான் அது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. எழுதியவன் நான், வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் கெமிஸ்ட். வையம்பட்டிப் பக்கத்து ஏரியில் கோடைக்கு வண்டல் அள்ள விவசாயிகள் காத்திருந்தார்கள். சுற்று வயல்களில் வருஷக்கணக்காக டிடிடி பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். அவர்களில் ஆரோக்கியசாமி என்பவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"கத்தரி வயலுக்குப் போடப்போறேங்க. எம்புள்ளைங்க சாப்பிடுறது. அள்ளலாமா கூடாதான்னு சொல்லிடுங்க."

ஏரித் தண்ணீரை டெஸ்ட் செய்தேன். ஒன்றுமில்லை. அப்படியானால் அடித்த மருந்தெல்லாம் எங்கே போனது? மண்டை குடைந்தது. டிடிடி தண்ணீரில் கரையாது, மண்துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும், லேசில் அழியாது. ஒவ்வொரு மழைக்கும் படிகிற வண்டலோடு அந்தந்த வருஷத்து மருந்தும் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

ஆரோக்கியசாமி கூடவே நின்று பிடிக்க, பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் செருகி, அடுக்கு கலையாமல் உருவினேன். இரு முனையையும் துணியால் இறுக்கிக் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். மறுநாள் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சாண் சாணாக வெட்டி டெஸ்ட் செய்தேன். மேல் சாண் சுத்தம். அடிச் சாணுக்கு மெஷினின் கிராஃப் முள் எகிறியது. 'மேல் வண்டலை மட்டும் அள்ளலாம்' என்று எழுதி அனுப்பினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. டிடிடி புழக்கத்துக்கே வராத காலத்து அடிமண்ணில் டிடிடி எப்படி வரும்? மிச்சப் பாதியை எடுத்துப் பார்த்தேன். நான் 'அடி' என்று நினைத்த முனையில் பச்சை மாறாத நீர்ச்செடி! அட கடவுளே, வழியில் குழாய் தலைகீழாகப் புரண்டிருக்கிறது. எந்த முனை மேல் என்று நான் குறிக்கவே இல்லை.

மேலதிகாரி ரங்கராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"விஷத்தை மட்டும் வழிச்சு எடுத்துண்டு போவா ஓய்! இன்னொரு கடுதாசி எழுதிண்டு உக்காராதீர். நேரே போம்!"

போனேன். ஆரோக்கியசாமி இரண்டு வண்டி வண்டலை வயலோரம் கொட்டியிருந்தார். நல்லவேளை, இன்னும் இறைக்கவில்லை; மற்றவர்கள் அள்ளவே தொடங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"தண்ணியில இல்லைன்னீங்க. மேல் மண்ணுல இல்லைன்னீங்க. இப்ப அங்கதான் இருக்குங்கறீங்க. எதைங்க நம்புறது?"

கொண்டுபோன மிச்சப் பாதியை நீட்டினேன். இரு முனையிலும் கொஞ்சம் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். செடி இருந்த பக்கம் கொழகொழ. மறுபக்கம் இறுகின களி.

"இதாங்க மேல்பக்கம். தொட்டாலே தெரியுதே! சேத்தை மிஷின்லதான் பார்ப்பீங்களா சார்?"

வெட்கமாக இருந்தது. கொட்டிய வண்டலை ஏரியிலேயே போட்டுவிடத் திரும்ப வண்டியில் ஏற்றினோம். நானும் கூடை தூக்கினேன்.

அதன்பிறகு ஓய்வுபெறும்வரை, குழாய் சேற்றை விட்டு வெளியே வருமுன்பே மேல்முனையில் பெயிண்டால் அம்புக்குறி போட்டுவிடுவேன். முனையைக் கட்டுமுன் சேற்றை விரலில் தேய்த்தும் பார்ப்பேன். கூட நிற்கிற விவசாயியிடமும் ஒரு துளி கொடுப்பேன்.