அப்பா நம்பருக்குப் போன ஓடிபி

இரண்டு வருடத்துக்கு முன்னால், சங்கரன்கோவிலில் நான் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஐப்பசி மாதம். மழை இதோ வருகிறது என்பதுபோல வானம் மூடிக் கிடக்கும், ஆனால் பெய்யாது.

முதல் வருடம் உதவித்தொகைக்காக நான் பெரிதாக அலையவில்லை. காலேஜ் ஆபீஸில் கொடுத்த தாளை நிரப்பி, வருமானச் சான்றிதழ் நகலைப் பின் குத்திக் கொடுத்ததோடு சரி. அடுத்த வருடம் எல்லாம் மாறிவிட்டது. இனிமேல் தாள் கிடையாது, ஆன்லைனில்தான் போட வேண்டும், ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வந்தால்தான் விண்ணப்பம் ஏறும் என்று வகுப்பு வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்திருந்தது. நான்தான் அதைச் சரியாகப் படிக்காமல் நாளைத் தள்ளிவிட்டேன். விழித்துக்கொண்டபோது கடைசி நாளுக்கு முந்தின நாள்.

அம்மாவுக்கு விசைத்தறிக் கூடத்தில் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலை. உதவித்தொகை வராவிட்டால் படிப்பு நின்றுவிடும். அதை அம்மாவும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

அன்றைக்குப் பார்த்து பகல் முழுக்கக் கரண்ட் கிடையாது. எங்கள் பக்கம் தறிச் சத்தம் இல்லாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். தண்ணீருக்கடியில் நடப்பதுபோல அந்த அமைதிக்குள்ளே நடந்து கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கே பேட்டரியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சென்டர் அக்கா எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டு, “ஓடிபி போயிருக்கு மக்கா, போனைப் பாரு” என்றார்கள்.

என் போனுக்கு எதுவும் வரவில்லை. திரையில் தெரிந்த கடைசி எண்களைப் பார்த்ததும்தான் புரிந்தது. அது அப்பாவின் நம்பர். ஸ்கூலில் படிக்கும்போது ஆதாருக்கு அப்பா தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, சிம் கட்டாகிவிட்டது.

“நம்பர் மாத்தலாம். ஆனா அப்டேட் ஆக நாளாகுமே மக்கா. நாளையோட சைட்டை மூடுதாங்க” என்றார்கள் அக்கா.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். என் போனில் ‘அப்பா’ என்ற பெயரை நான் அழிக்கவே இல்லை. என்ன நினைத்து அழுத்தினேனோ தெரியாது. மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும், இப்போது எடுத்து “என்ன தாயி?” என்பார் என்றே தோன்றியது. அந்த நாலைந்து விநாடி எனக்கு அப்பா உயிரோடு எங்கேயோ லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

எடுத்தது ஒரு பெண். ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு. நான் அவசர அவசரமாக விஷயத்தைச் சொன்னேன். ஓடிபி என்றதுமே, “இப்படித்தானுங்க எங்க வீட்டுக்காரரையும் ஏமாத்துனாங்க. வையுங்க போனை” என்று கட் செய்துவிட்டார்.

எனக்குக் கோபம்கூட வந்தது. எங்கள் அப்பா நம்பரை வைத்துக்கொண்டு எனக்கே இல்லை என்கிறாரே என்று. அழுதுகொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, போன் அடித்தது. திரையில் ‘அப்பா’. எடுத்தேன்.

“உங்கப்பா என்ன வேலைங்க பார்த்தாரு?” என்று கேட்டது அதே குரல்.

“லோடு வண்டி ஓட்டினாங்க.”

“எலுமிச்சம்பழ லோடா?”

ஆமாம், புளியங்குடி மார்க்கெட்டிலிருந்துதான் என்றேன்.

அந்த அக்கா மெதுவாகச் சொன்னார். “நான் இந்த நம்பர் வாங்குன புதுசுல தினமும் யாராச்சும் கூப்புடுவாங்க. அண்ணாச்சி, பழ மூட்டை ஏத்தணும், வண்டி வருமான்னு. ராங் நம்பருன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. போனை வச்சதுக்கு அப்புறம்தான் அந்த ஞாபகம் வந்துச்சு.” பிறகு, “அவரு இப்ப இல்லீங்களா?” என்றார்.

“இல்லக்கா.”

அங்கே எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“மறுபடி அனுப்பச் சொல்லு கண்ணு” என்றார்.

உள்ளே ஓடினேன். சென்டர் அக்கா திரும்ப அனுப்பினார்கள். ஈரோட்டு அக்கா, “யாருக்கும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்குது பாரு” என்று சிரித்துவிட்டு, ஆறு எண்ணையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். விண்ணப்பம் ஏறிவிட்டது.

மறுநாளே ஆதார் மையத்தில் டோக்கன் போட்டு என் நம்பரை மாற்றக் கொடுத்தேன். உதவித்தொகை வந்த அன்று அந்த ஈரோட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “நல்லாப் படி கண்ணு” என்றார். அவ்வளவுதான். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் மறுத்தே இருந்தாலும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒருமுறை ஏமாந்த வீட்டைச் சேர்ந்தவர், அத்தனை பயத்தோடும் எனக்காகத் திரும்பக் கூப்பிட்டார். அதனால்தான் தெரியாத நம்பரிலிருந்து யாராவது தட்டுத்தடுமாறிப் பேசினால், உடனே வைத்துவிடாமல், அவர் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை இப்போதும் காத்திருக்கிறேன்.